சுண்ணக் குன்றும் பொது நிலமும்: எந்தச் சட்டம் எதைக் காக்கிறது?

இங்கிலாந்தின் தென்கடலோர நகரம் ஈஸ்ட்போர்ன். அதன் கவுன்சில், தன் வசமிருந்த குன்றுப் பண்ணைகளில் நான்கை விற்றுப் பணமாக்கப் பார்த்தது. ஊர் கொதித்தது. 1920களில் நகராட்சி அந்த நிலத்தை வாங்கியதே என்றென்றைக்கும் மக்களுக்காக வைத்திருக்கத்தானே, அதை எப்படி விற்கலாம் என்று கேட்டார்கள். கடைசியில் 2017 மார்ச்சில் கவுன்சில் பின்வாங்கியது.

அங்கிருந்து வடக்கே, லண்டனின் தென்விளிம்பில் ஃபார்திங் டவுன்ஸ் என்று இன்னொரு குன்று இருக்கிறது. அதே பாறை, அதே புல், அதுவும் பொது நிலம்தான். ஆனால் அதை ஒரு கவுன்சில் கூட்டத்தில் விலை பேசிவிட முடியாது.

இரண்டுமே பொது நிலம் என்றால் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த நிலைமை? செய்திகளில் 'பொது நிலம்', 'திறந்தவெளி', 'தேசியப் பூங்கா', 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். படிப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆபத்தைத்தான் தடுக்கும், மற்றவற்றைக் கண்டுகொள்ளாது. இந்தக் குழப்பம் தீர, குன்றிலிருந்தே தொடங்குவது நல்லது.

## மெலிந்த மண்ணின் செழிப்பு

தென்கிழக்கு இங்கிலாந்தில் டவுன்ஸ் என்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் சாக் பாறைக் குன்றுகள். சாக் என்பது வெண்மையான, மென்மையான சுண்ணப்பாறை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, வெதுவெதுப்பான கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ணச் செதில்கள் அடியில் படிந்து படிந்து இந்தப் பாறை உருவானது. நம் அரியலூர்ப் பகுதி கடலடியில் கிடந்ததும் இதே கிரெட்டேசியஸ் காலத்தில்தான். அங்கே இறுகிய சுண்ணாம்புக்கல் இப்போது சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது.

சாக் பாறை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை பெய்தால் மேலே ஓடை ஓடாது, எல்லாம் கீழே இறங்கிவிடும். அதனால் குன்றின் மேற்பரப்பு வறட்சியானது. குன்றின் வயிறோ பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம். ஈஸ்ட்போர்ன் வரை நீளும் சவுத் டவுன்ஸ் குன்றுத்தொடரின் அடியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடிநீர் கிடைக்கிறது. பிரைட்டன் நகராட்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்று நிலங்களை வாங்கிக் குவித்ததற்கு முக்கியக் காரணம் இயற்கைக் காட்சி அல்ல, இந்தத் தண்ணீர்.

மேல்மண் மிக மெலிது. பல இடங்களில் ஒரு சாண் தோண்டுவதற்குள் வெள்ளைப் பாறை தட்டும். அந்தக் கொஞ்ச மண்ணையும் ஆடுகள் மேலும் மெலியவைத்தன. மேய்ப்பர்கள் பகலில் ஆடுகளைக் குன்றில் மேய்த்துவிட்டு, இரவில் அடிவாரத்துத் தானிய வயல்களில் கிடை போடுவார்கள். தமிழ்நாட்டில் கீதாரிகள் செய்கிற அதே வேலை, அதே காரணத்துக்காக: வயலுக்கு எரு வேண்டும். குன்றில் தின்ற புல், வயலில் புழுக்கையாக விழுந்தது. இப்படி நூற்றாண்டு நூற்றாண்டாகக் குன்றின் சத்து ஒவ்வோர் இரவும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

சத்து குறைந்ததால் குன்று பாழாகியிருக்க வேண்டும் என்று நினைப்போம். நடந்தது வேறு. சத்துள்ள மண்ணில் நான்கைந்து முரட்டுப் புல்வகைகள் ஓங்கி வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சத்தில்லாத மண்ணில் எந்தப் புல்லாலும் அடாவடி செய்ய முடியாது. அதனால் எல்லாச் செடிகளுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. பழைய சாக் புல்வெளியின் ஒரு சதுர மீட்டரில் 40 தாவர இனங்கள்வரை இருக்கும். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாத புல்லின் நடுவே காட்டுத் தைம், சாலட் பர்னெட், தேனீயைப் போலவே தோற்றம் காட்டும் பீ ஆர்க்கிட், ஈஸ்ட்போர்ன் இருக்கும் சசெக்ஸ் வட்டாரத்தின் பெருமை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் நீல நிற ரேம்பியன் எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும். எல்லோ ராட்டில் என்று ஒரு மஞ்சள் பூச்செடி உண்டு. அதன் வேர் பக்கத்துப் புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சி, புல்லை வளரவிடாமல் வைக்கும். அதுவே மற்ற பூக்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. அதன் அரிய வகை ஒன்று ஃபார்திங் டவுன்ஸில் ஏராளமாக இருக்கிறது.

அடோனிஸ் புளூ என்ற நீல வண்ணத்துப்பூச்சி இன்னும் கறார். ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற ஒரே செடியில்தான் முட்டையிடும். அதுவும் வெயில் தரையைத் தொடும் அளவுக்குப் புல் குட்டையாக மேயப்பட்டிருந்தால்தான். புழுவை எறும்புகள் காவல் காக்கும். புல் சில சென்டிமீட்டர் கூடுதலாக உயர்ந்தாலே தரை குளிர்ந்துபோகும், அந்த இடத்தில் வண்ணத்துப்பூச்சி தங்காது.

ஆக, இது மனிதக் கை படாத காடு அல்ல. மேய்த்து மேய்த்து உண்டான நிலம். மேய்ச்சலை நிறுத்தினால் முள்செடி வரும், பின்னால் புதர் வரும், கடைசியில் மரக்காடாகிவிடும். இந்த ஒரு விஷயம் பிடிபடாததால்தான், இயற்கைக் காப்பகத்தில் மரத்தை வெட்டுகிறார்களே, மாட்டை விடுகிறார்களே என்று பலர் கோபப்படுகிறார்கள்.

இந்தப் புல்வெளிக்கு வந்த ஆபத்துகள் நான்கு. வரலாற்றில் வந்த வரிசையிலேயே சொன்னால்: வேலி, கட்டடம், ஏர், கைவிடல்.

## வேலி: கூல்ஸ்டன் வழக்கும் 1883 கொள்முதலும்

நம் ஊர்ப் புறம்போக்கை மனதில் வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் பொது நிலத்தைப் பார்த்தால் தவறாகப் போகும். அங்கே 'காமன்' எனப்படும் பொது மேய்ச்சல் நிலத்துக்கும் உரிமையாளர் ஒருவர் இருப்பார், வழக்கமாக அந்தப் பகுதியின் மேனர் பிரபு, அதாவது பரம்பரை நிலக்கிழார். நிலம் அவருடையது, அதில் ஆடு மாடு மேய்க்கும் உரிமை சுற்றியுள்ள குறிப்பிட்ட வீட்டுக்காரர்களுக்கும் குடியானவர்களுக்கும். சும்மா நடந்து போகிறவருக்கு அன்று எந்த உரிமையும் கிடையாது. இன்றைக்குப் பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்த நிலங்கள் ஒவ்வொன்றாக வேலியடைக்கப்பட்டுத் தனியார் சொத்தாயின. லண்டனைச் சுற்றி ரயில் வந்ததும் நில விலை ஏறியது, வேலி போடும் ஆசையும் ஏறியது. அதை எதிர்க்க 1865ல் காமன்ஸ் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. மறுவருடமே லண்டன் சுற்றுவட்டாரக் காமன்களுக்கென ஒரு சட்டமும் வந்தது. சங்கத்தின் வழக்கறிஞராக இருந்த ராபர்ட் ஹண்டர் பிற்பாடு, 1895ல், இயற்கை, பாரம்பரிய இடங்களை வாங்கிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர்.

அப்போதைய போராட்ட உத்தி சுவாரஸ்யமானது. நடக்கும் உரிமை என்று சட்டத்தில் ஏதும் இல்லாததால், மேய்க்கும் உரிமையை வைத்தே வழக்காடினார்கள். ஃபார்திங் டவுன்ஸ் இருக்கும் கூல்ஸ்டனில் மேனர் பிரபு பைரன் காமன் நிலத்தை வேலியடைத்து, மண்ணும் சரளையும் எடுக்க முற்பட்டபோது, மேய்ச்சல் உரிமை வைத்திருந்த ஹால் குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள். 1877ல் வந்த தீர்ப்பு பிரபுவின் கையை ஓரளவு கட்டியது, முழுதாக அல்ல. வழக்கில் வெல்வது மட்டும் போதாது, நிலத்தையே வாங்கிவிட வேண்டும் என்பது தெளிவானது.

வாங்கியது லண்டனின் பழைய நடுநகரை நிர்வகிக்கும் லண்டன் சிட்டி கார்ப்பரேஷன். 1878ல் நாடாளுமன்றம் அதற்குத் தனிச் சட்டம் கொடுத்திருந்தது: நகரிலிருந்து 25 மைலுக்குள் நிலம் வாங்கி, மக்களின் பொழுதுபோக்குக்காகத் திறந்தவெளியாகவே வைத்திருக்கலாம். 1883ல் ஃபார்திங் டவுன்ஸ், கூல்ஸ்டன் காமன், கென்லி காமன், ரிடில்ஸ்டவுன் ஆகிய நான்கையும் 7,000 பவுண்டுக்கு வாங்கினார்கள்.

இந்தச் சட்டத்தின் வலுவைப் பார்க்க 2018க்கு வாருங்கள். தன் திறந்தவெளிகளில் உரிமம் வழங்குவது, குத்தகை விடுவது போன்ற நிர்வாக அதிகாரங்களைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள கார்ப்பரேஷன் விரும்பியது. அதற்கே அது நாடாளுமன்றத்துக்குப் போய்ப் புதிய சட்டம் பெற வேண்டியிருந்தது. தீர்மானம் போட்டு முடிக்கிற வேலையாக அது இல்லை.

## கட்டடம்: 1920களின் அவசரம்

முதல் உலகப் போருக்குப் பின் வேலியைவிடப் பெரிய பயம் வந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆட்டு ரோமத்துக்கும் இறைச்சிக்கும், அமெரிக்கக் கோதுமைக்கும் முன்னால் குன்றுப் பண்ணைகள் படுத்துவிட்டன. நிலம் மலிந்தது. கார் வந்தது. அன்று நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் என்று சொல்லத்தக்க வலுவான ஒன்று இல்லை. குன்றின் தலையில் பங்களா கட்டினால் தடுக்க யாருமில்லை. சசெக்ஸ் கடலோரத்தில் மனைபோட்டு விற்றே உருவான பீஸ்ஹேவன் என்ற ஊர், இதுதான் எல்லாக் குன்றுக்கும் நடக்கப் போகிறது என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. 1923ல் சசெக்ஸ் டவுன்ஸ்மென் சங்கம் பிறந்தது. நிதி திரட்டி, செவன் சிஸ்டர்ஸ் பாறைகளின் மேல் உள்ள கிரோலிங்க் நிலத்தை மீட்டார்கள்.

ஈஸ்ட்போர்ன் நகராட்சி வேறு வழியில் போனது. 1926ல் தனக்கென ஒரு சட்டம் வாங்கி, பீச்சி ஹெட் முனை உட்பட சுமார் 4,000 ஏக்கரைக் கட்டாயக் கொள்முதல் அதிகாரத்தோடு கையகப்படுத்தியது. செலவு ஏறத்தாழ 91,000 பவுண்டு. 1929ல் யார்க் கோமகனும் கோமகளும், அதாவது பிற்கால ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அவர் மனைவியும், அதை மக்களுக்கு முறைப்படி திறந்துவைத்தார்கள்.

இங்கேதான் ஃபார்திங் டவுன்ஸோடு உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கார்ப்பரேஷன் வாங்கியது மேய்ச்சல் காமன்களை. ஈஸ்ட்போர்ன் வாங்கியதில் ஓடியாடும் புல்வெளியும் இருந்தது, குத்தகைதாரர்கள் பயிரிடும் முழுப் பண்ணைகளும் இருந்தன. கட்டடத்தைத் தடுக்க எல்லாவற்றையும் சேர்த்து வாங்குவதுதான் அன்று புத்திசாலித்தனம். ஆனால் அதனாலேயே, 'இதெல்லாம் மக்களின் குன்று' என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்க, கவுன்சிலின் கணக்குப் புத்தகத்தில் அதன் ஒரு பகுதி திறந்தவெளியாகவும் இன்னொரு பகுதி வாடகை தரும் சொத்தாகவும் பிரிந்து கிடந்தது.

## ஏரும் முயலும்

இரண்டாம் உலகப் போரில் உணவுக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன; அரசு உழவுக்கு ஏற்ற நிலத்தையெல்லாம் உழச் சொன்னது. டிராக்டரும் செயற்கை உரமும் இருந்ததால், ஆயிரம் ஆண்டுகளாக ஏர் படாத குன்றும் உழப்பட்டது. போர் முடிந்தும் மானியம் நிற்கவில்லை. ஈஸ்ட்போர்ன் குன்றின் கணிசமான பகுதியும் இப்படித்தான் உழவுக்குப் போனது. கவனியுங்கள்: உரிமையாளர் மாறவில்லை, வீடு ஒன்றும் வரவில்லை, பத்திரத்தில் ஒரு வரி திருத்தப்படவில்லை. புல்வெளி மட்டும் போய்விட்டது. பொது உடைமை ஏருக்குத் தடை ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

உழ முடியாத செங்குத்துச் சரிவுகள் மட்டும் தப்பின. அங்கே ஆடு குறைந்தாலும் முயல்கள் புல்லைக் குட்டையாக வைத்திருந்தன. 1953ல் மிக்சோமட்டோசிஸ் என்ற வைரஸ் நோய் பிரிட்டனுக்குள் நுழைந்து, சில ஆண்டுகளில் முயல்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. அப்புறம் சரிவுகளும் புதராகத் தொடங்கின. அடோனிஸ் புளூ வேகமாகக் குறைந்தது இந்தக் காலத்தில்தான்.

போருக்குப் பின் பிரிட்டன் தன் சாக் புல்வெளிகளில் சுமார் 80 சதவீதத்தை இழந்துவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இன்றைய சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவிலேயே சாக் புல்வெளி 4 சதவீதம் அளவுக்குத்தான், அதுவும் துண்டு துண்டாக. படத்தில் பார்க்கும் பச்சைக் குன்றுகளில் பெரும்பகுதி விதைத்த புல்லும் கோதுமையும்தான்.

## இன்று என்னென்ன காப்பு, எது எதைத் தடுக்கும்?

1. தேசியப் பூங்கா. சவுத் டவுன்ஸ் 2010ல் தேசியப் பூங்காவானது. 2011 ஏப்ரலிலிருந்து அதன் ஆணையம் முழு அதிகாரத்தோடு இயங்குகிறது. இந்தியாவில் தேசியப் பூங்கா என்றால் அரசு வனம், உள்ளே விவசாயம் கிடையாது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. நிலம் பெரும்பாலும் தனியாருடையது, ஊர்களும் பண்ணைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆணையத்தின் கையில் உள்ள பெரிய ஆயுதம் கட்டட அனுமதி. ஆக, கட்டடத்துக்கு எதிராக வலுவான காப்பு. நிலம் கைமாறுவதையோ சாதாரண உழவையோ தடுப்பது அதன் வேலை அல்ல.

2. எஸ்.எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடம். 1949 சட்டத்தில் தொடங்கியது, 1981 சட்டத்தில் பல் முளைத்தது. உழுவது, உரமிடுவது, மேய்ச்சல் முறையை மாற்றுவது என்று பட்டியலிட்ட செயல்களுக்கு முன்அனுமதி வேண்டும். ஏருக்கு எதிரான உண்மையான தடை இதுதான். ஆனால் நடந்து செல்லும் உரிமை எதையும் இது தராது. அரசே சாலை போட நினைத்தால் தாங்காது என்பதையும் பார்த்துவிட்டோம்: வின்செஸ்டர் அருகே ட்வைஃபோர்ட் டவுன் குன்றுக்கு அறிவியல் முக்கியத்துவப் பட்டமும் தொல்லியல் காப்பும் இயற்கை எழில் பகுதி என்ற தகுதியும் இருந்தன. எம்3 நெடுஞ்சாலைக்காக 1990களின் தொடக்கத்தில் அதைப் பிளந்துவிட்டார்கள். சாலைப் போராட்டங்களின் வரலாற்றில் அது ஒரு திருப்பம். குன்றுக்கு அதனால் பயனில்லை.

3. நடக்கும் உரிமை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுநிலம், புதர்வெளி, டவுன் ஆகிய நான்கு வகை நிலங்களில் பொதுமக்கள் கால்நடையாக எங்கும் உலவலாம் என்றது. தனியார் நிலமானாலும் சரி. 2004 செப்டம்பரில் தென்கிழக்கில் முதலில் நடைமுறைக்கு வந்தது. சைக்கிள், குதிரை, கூடாரம் இதில் அடங்காது. வரைபடத்தில் ஏறியதும் உழப்படாத பழைய புல்வெளிதான். எங்கே ஏர் ஓடிவிட்டதோ அங்கே மக்களின் உரிமையும் சேர்ந்து போய்விட்டது. இச்சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை: உரிமையாளர் விரும்பினால் தன் நிலத்தைத் திரும்பப் பெறமுடியாத வகையில் மக்கள் நடைக்கு அர்ப்பணிக்கலாம். பிறகு யாருக்கு விற்றாலும் உரிமை நிலத்தோடு ஒட்டியே போகும். குன்று வைத்திருக்கும் ஒவ்வொரு கவுன்சிலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்; செலவும் குறைவு.

4. காமன் பதிவு. பதிவான காமனில் வேலியோ கட்டடமோ போட, நிலச் சொந்தக்காரரே ஆனாலும், 2006 சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். நகர்ப்புறக் காமன்களில் காற்று வாங்கவும் உடற்பயிற்சிக்கும் வரும் உரிமையை 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டமே தந்துவிட்டது.

5. ஊர்ப் புல்வெளிப் பதிவு. 20 ஆண்டுகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊரார் ஒரு நிலத்தில் விளையாடிவந்தால், அதை 'வில்லேஜ் கிரீன்' என்று பதியலாம். கேட்க எளிது. ஆனால் கவுன்சில் தானே மக்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் ஆடுவது ஏற்கெனவே கிடைத்த அனுமதியின் பேரில் நடப்பது, அதை உரிமைக் கோரிக்கையாக மாற்ற முடியாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொது நிலத்தைக் காக்க இந்த வழி பெரும்பாலும் உதவாது.

6. பொது நம்பிக்கைச் சொத்து. 1906ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டத்தின்கீழ் கவுன்சில் வைத்திருக்கும் நிலத்துக்கு அது உரிமையாளர் மட்டுமல்ல, மக்களுக்கான அறங்காவலரும்கூட. அதை விற்க வேண்டுமானால் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி உள்ளூர்ச் செய்தித்தாளில் அடுத்தடுத்து இரண்டு வாரம் அறிவிப்பு போட்டு, ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும். சடங்குபோலத் தெரியும் இந்த அறிவிப்பை ஷ்ரூஸ்பரியில் ஒரு கவுன்சில் போடாமல் விட்டது. நிலத்தை வாங்கியவருக்கு வீடு கட்ட அனுமதியும் கிடைத்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அறிவிப்பில்லாமல் விற்றால் மக்களின் உரிமை விற்பனைக்குப் பிறகும் உயிரோடு இருக்கும் என்பதே தீர்ப்பின் சாரம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: முறையாக அறிவிப்பு போட்டு, ஆட்சேபத்தைக் கேட்டுவிட்டு விற்றால், அந்த நம்பிக்கைப் பொறுப்பு அதோடு முடிந்துபோகும்.

7. விற்க முடியாத நிலம். 1907 சட்டப்படி நேஷனல் டிரஸ்ட் தன் நிலத்தை 'மாற்ற முடியாதது' என்று அறிவித்தால் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஃபார்திங் டவுன்ஸ் போலத் தனிச் சட்டத்தின்கீழ் உள்ள நிலங்களும் கிட்டத்தட்ட இந்த வகை.

இந்த ஏழு காப்புகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் ஒரு ஓட்டை தெரியும். வேலிக்கு, கட்டடத்துக்கு, ஏருக்கு, விற்பனைக்குத் தடை இருக்கிறது. நான்காவது ஆபத்தான கைவிடலுக்கு எதிராக எதுவும் உறுதியாக இல்லை. சட்டம் செய்யாதே என்று சொல்லும். ஆட்டை மேய்க்கும் வேலையை யாராவது காசு கொடுத்துச் செய்ய வேண்டும்.

## பண்ணையை விற்றால் மக்களுக்கு என்ன போகும்?

ஈஸ்ட்போர்ன் விற்பனையை ஆதரித்தவர்களின் வாதம் இந்தப் பட்டியலைத்தான் சார்ந்திருந்தது. தேசியப் பூங்கா விதி அப்படியே இருக்கும், நடைபாதைகள் இருக்கும், உலவும் உரிமை வரைபடத்தில் இருக்கும். பத்திரத்தில் மட்டும் பெயர் மாறினால் யாருக்கு நஷ்டம்?

வாதம் பொய்யல்ல. ஆனால் குறை உண்டு. கவுன்சில் நிலச் சொந்தக்காரராக இருக்கும்வரை, குத்தகை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பேசலாம்: இந்தச் சரிவில் உரம் போடாதே, இந்த வயலை மீண்டும் புல்லாக்கு, குடிநீர்க் கிணற்றுக்கு மேல் நைட்ரேட் இறங்காமல் பார்த்துக்கொள், இந்த இரண்டு நடைபாதைகளை இணைக்க ஓரமாக வழி விடு. இவை எதற்கும் தனிச் சட்டம் தேவையில்லை, குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி போதும். விற்றுவிட்டால் அந்தப் பேச்சுரிமை போகிறது. பிறகு கவுன்சிலிடம் மிஞ்சுவது மோசமானதைத் தடுக்கும் அதிகாரம் மட்டுமே, நல்லதைச் செய்யச் சொல்லும் அதிகாரம் இல்லை. உழுத குன்றை மறுபடி புல்வெளியாக்குவது பல பத்தாண்டு வேலை. அரிய செடிகளின் விதை தானாக வெகுதூரம் போகாது, பக்கத்துச் சரிவிலிருந்து அறுத்த புல்லைக் கொண்டுவந்து பரப்ப வேண்டும், மண்ணில் ஏறிய பாஸ்பரஸ் இறங்கக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நீண்ட பொறுமை, வட்டி கட்டவேண்டிய உரிமையாளரைவிட ஊருக்குத்தான் இருக்க வாய்ப்பு. இருந்தும், கவுன்சில்கள் இத்தனை ஆண்டுகளாக அந்தப் பேச்சுரிமையை முழுதாகப் பயன்படுத்தினவா என்று கேட்டால், இல்லை. உழவுக்குப் போன குன்று அதற்குச் சாட்சி.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. சிறிய மாவட்டக் கவுன்சில்களைக் கலைத்துப் பெரிய அமைப்புகளாக்கும் திட்டத்தை பிரிட்டன் அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. சசெக்ஸ் முதல் வரிசையில் இருக்கிறது. கவுன்சில் கலைந்தால் சொத்து அடுத்த அமைப்புக்குப் போகும். சட்டத்திலும் பத்திரத்திலும் எழுதியிருப்பது கூடவே போகும். கூட்டத்தில் கொடுத்த வாக்குறுதி போகாது.

## மக்கள் வந்தால் என்ன ஆகும்?

பொதுத் திறந்தவெளி என்பதாலேயே வரும் சுமையும் உண்டு. அதில் நாய் விஷயம் பெரிது. பெல்ஜியத்தின் கென்ட் நகரை ஒட்டிய இயற்கைக் காப்பகங்களில் நடத்தி 2022ல் வெளியான ஆய்வு, நாய்களின் கழிவால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் மண்ணில் சேர்வதாகக் கணக்கிட்டது. மேலே சொன்ன கிடையின் கணக்கை இங்கே தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ஆடு குன்றில் தின்று வயலில் போட்டது. நாய் வீட்டில் தின்று குன்றில் போடுகிறது. பாதை ஓரங்களில் பூச்செடிகள் குறைந்து முரட்டுப் புல் ஓங்குவது சாக் குன்றுகளில் கண்ணுக்கே தெரிகிற மாற்றம். எடுத்துப் பையில் போடுங்கள் என்ற பலகை சுத்தத்துக்காக மட்டும் வைத்தது அல்ல.

மேயும் மாட்டுக்கும் நாய்க்கும் ஆகாது என்பது அடுத்த சிக்கல். அதனால் வேலி போட்டால், திறந்தவெளியில் வேலியா என்று எதிர்ப்பு வரும். காமனாக இருந்தால் அரசு ஒப்புதலும் வேண்டும். இப்போது சில குன்றுகளில் மாட்டின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டுகிறார்கள். வரைபடத்தில் கோடு போட்டால் போதும், மாடு எல்லையை நெருங்கும்போது பட்டை ஒலி எழுப்பும், அப்படியும் தாண்டப் பார்த்தால் லேசாக அதிர்ச்சி கொடுக்கும். கண்ணுக்கு வேலி இல்லை, மேய்ச்சலும் நடக்கிறது.

புதர் வெட்டுவதில் எல்லாப் புதரையும் ஒழிப்பது நோக்கம் அல்ல. பறவைகளுக்குக் கொஞ்சம் முள்செடி வேண்டும். ஆண்டுதோறும் ஒரு பகுதி என்று சுழற்சியில் வெட்டி, வெட்டியதை அங்கிருந்து அகற்றுகிறார்கள். அகற்றுவது முக்கியம், மட்கவிட்டால் சத்து மண்ணுக்கே திரும்பிவிடும்.

துண்டு துண்டாகக் கிடக்கும் புல்வெளியை இணைப்பதே இனிமேல் பெரிய வேலை. அதற்கு உரிமையாளர்கள் வேலி தாண்டிப் பேச வேண்டும். 2019 ஜூலையில் லண்டன் சிட்டி கார்ப்பரேஷனின் ஃபார்திங் டவுன்ஸ் உள்ளிட்ட காமன்களும், அதை ஒட்டி குராய்டன் கவுன்சில் வைத்திருக்கும் ஹாப்பி வேலி போன்ற இடங்களும் சேர்த்து, 417 ஹெக்டேரில் தெற்கு லண்டன் டவுன்ஸ் தேசிய இயற்கைக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டன. உரிமையாளர் இருவர், சட்டங்களும் வேறு வேறு, காப்பகம் மட்டும் ஒன்று. அதில் எவ்வளவு புல் குட்டையாக நிற்கும் என்பது இனி ஒவ்வொரு வருடமும் மேய்ச்சலுக்கு ஒதுக்கும் பணத்தைப் பொறுத்தது.